சாவுக்கு மட்டுமா கணக்கு? காயத்துக்கும் வேண்டும் ஒரு பதிவேடு

2022 ஏப்ரல் 21ஆம் தேதி இரவு. மதுரை மாநகராட்சியின் நேரு நகர் கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையில் இருந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒருவர் தொட்டிக்குள் விழுந்தார். அவரைத் தூக்கப் போன இருவரும் விஷவாயுவில் சிக்கினார்கள். மூன்று பேரும் பிணமாகத்தான் மேலே வந்தார்கள்.

மறுநாள் செய்தி வந்தது, வழக்குப் பதிவானது. சில நாள் பேசினோம். பிறகு மறந்தோம்.

மதுரைக்கு இது புதிதல்ல. 2015 அக்டோபரில் இதே ஊரில் இரண்டு தொழிலாளர்கள் கழிவுநீர்த் தொட்டியில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அந்தச் சாவுதான் திவ்யபாரதியைக் கேமராவைத் தூக்க வைத்தது. 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படம் அப்படிப் பிறந்தது. படம் வந்து ஐந்து ஆண்டு கழித்து நேரு நகர். ஆக, நமக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

செத்தவர்கள் யார்?

2019 முதல் 2023 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி நாடு முழுவதும் 377 பேர் இறந்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 1993 முதல் எடுக்கப்பட்ட கணக்கில் இத்தகைய சாவுகள் அதிகம் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு. சமூகநீதி பேசும் மண்ணுக்கு இது பெருமை தரும் முதலிடமா?

'நமஸ்தே' திட்டத்துக்காகச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தார்கள். முதல் கட்டத்தில் பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மக்கள்தொகையில் ஆறில் ஒருவராக இருப்பவர்கள் இந்தக் குழிக்குள் மட்டும் மூன்றில் இருவராக இருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு நாம் தயாரில்லை.

ஒன்றிய அரசு நடத்திய சமூகத் தணிக்கை இன்னொன்றையும் காட்டியது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் எட்டு மாநிலங்களில் நடந்த 54 சாவுகளை ஆராய்ந்தார்கள். 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் இறங்கியவர்கள். 38 பேர் தனித்தனியாகக் கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள். அரசுச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் ஐந்தே பேர். அதாவது, செத்தவர்களில் பெரும்பாலானோர் எந்த அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. உயிரோடு இருந்தபோதே ஏட்டில் இல்லாதவருக்குக் காயம் பட்டால் அதை எந்த ஏட்டில் எழுதுவார்கள்?

எழுதப்படாத காயங்கள்

இங்குதான் நாம் கவனிக்கத் தவறிய இடம் இருக்கிறது. சாவை எண்ணுகிறோம், காயத்தை எண்ணுவதில்லை.

விடிவதற்கு முன் மேலூர் பேருந்து நிலையப் பக்கம் நின்று பாருங்கள். நம் தெருக்களின் அக்காக்களும் அண்ணன்களும் துடைப்பமும் தள்ளுவண்டியுமாக வந்துவிடுவார்கள். குப்பையில் உடைந்த பாட்டில் இருக்கும், ஊசி இருக்கும், பிளேடு இருக்கும். வெறுங்கையால் அள்ளும்போது விரல் கிழியும். கிழிந்த இடத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியே உள்ளே போகலாம். இருட்டில் பெருக்கும்போது வாகனம் இடிக்கும். குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் கை மாட்டும். சாக்கடை மண்ணை அள்ளி அள்ளிக் கால் விரலிடுக்கு புண்ணாகும்.

'இதெல்லாம் ஒரு காயமாப்பா?' என்று அவர்களே சிரிப்பார்கள். ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போகும். மேஸ்திரியிடம் சொன்னால் 'பார்த்து வேலை செய்யக்கூடாதா' என்று திட்டு விழும். எனவே சொல்வதில்லை. சொல்லாததால் எழுதுவதில்லை. எழுதாததால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றாகிறது.

சின்னக் காயம்தான் பெரிய சாவுக்கு முன்னறிவிப்பு. ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர் 1931லேயே இதை எழுதினார். ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் பல சிறு காயங்களும், காயமில்லாமல் தப்பிய நூற்றுக்கணக்கான சம்பவங்களும் இருக்கும் என்றார். அவர் சொன்ன எண்ணிக்கையைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். ஆனால் சிறியதைக் கவனித்தால் பெரியதைத் தடுக்கலாம் என்பதைத் தொழிற்சாலைகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. தொட்டி ஓரத்தில் ஒருவருக்குத் தலை சுற்றியது என்று ஒருநாள் எழுதியிருந்தால், அடுத்த நாள் அந்தத் தொட்டிப் பக்கம் யாரையும் அனுப்பத் தயங்குவார்கள். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்து இறங்குபவர் அப்படியே சாய்வார். காப்பாற்ற இறங்குபவரும் சாய்வார். நேரு நகரில் ஒன்று மூன்றானதும் இப்படித்தான்.

சுவரில் ஒட்டும் கணக்கு

அமெரிக்காவில் பல தொழிலிடங்களில், முதலுதவியோடு முடியாத வேலைக் காயத்தையும் நோயையும் முதலாளி ஒரு படிவத்தில் எழுத வேண்டும். ஆண்டுக் கணக்கின் சுருக்கத்தை பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை தொழிலாளர் கண்ணில் படும்படி சுவரில் ஒட்ட வேண்டும். நூறு தொழிலாளருக்கு ஆண்டுக்கு எத்தனை காயம் என்று விகிதம் போடுகிறார்கள். அந்த நாட்டில் உயிராபத்து அதிகமுள்ள தொழில்களின் பட்டியலில் குப்பை அள்ளும் தொழில் தொடர்ந்து முன்வரிசையில் நிற்பது ஊருக்கே தெரிகிறது. இங்கு ஆபத்து அதைவிடக் குறைவா? இல்லை, எழுதுவதுதான் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. மீறினால், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. அதே தீர்ப்பில் பலர் கவனிக்காத வரி ஒன்று உண்டு. உடல் ஊனமுற்றால் குறைந்தது 10 லட்சம். நிரந்தர ஊனமாகிப் பிழைப்பே போய்விட்டால் குறைந்தது 20 லட்சம். சாவு, இழப்பீடு உள்ளிட்ட விவரங்களை மக்கள் பார்க்கும்படி இணையத்தில் வைக்கவும் அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டது. ஆனால் ஊனத்துக்கான பணத்தை வாங்க, அந்தக் காயம் வேலையில் பட்டது என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு ஏடு எங்கே?

ஒப்பந்தக்காரரிடம் கேள் என்று கைகழுவவும் முடியாது. தன் வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விக்கும் முதன்மை முதலாளியும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

நாம் செய்யக்கூடியது

காயம் பட்ட அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மேலூரோ, மதுரை பெரியாஸ்பத்திரியோ, மருத்துவரிடம் 'வேலை பார்க்கும்போது பட்டது' என்று இடமும் நேரமும் சேர்த்துச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் அது ஏறும். அதன் நகலை, நாம் ஏ.ஆர். காப்பி என்று சொல்கிறோமே, அதை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கீழே விழுந்துவிட்டேன் என்று மழுப்பினால், பிறகு அந்த வார்த்தையே நமக்கு எதிராக நிற்கும்.

படித்த நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, இடம், வேலை, காயம், கையுறை இருந்ததா, எத்தனை நாள் கூலி போனது. தெருவில் உள்ள தொழிலாளர் ஒவ்வொருவரிடமும் கேட்டு மாதம் ஒருமுறை எழுதுங்கள். ஓராண்டு முடிந்ததும் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். உங்கள் உள்ளாட்சியில் கடந்த ஓராண்டில் காயமடைந்த தூய்மைப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர், கையுறையும் காலணியும் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டன என்று கேளுங்கள். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். அவர்கள் கணக்கையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நம் அடுத்த கோரிக்கை மனு.

உள்ளாட்சி நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிய தொகை அல்ல. நிரந்தரம், ஒப்பந்தம், தினக்கூலி என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் ஒரே காயப் பதிவேடு. மாதம் ஒருமுறை அதன் கணக்கு மன்றக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். காயத்தைச் சொன்னவருக்கு அன்றைய கூலி பிடிக்கக்கூடாது. கூலி பிடிக்கும் வரை யாரும் உண்மையைச் சொல்லப்போவதில்லை.

'துப்புரவு' என்பதைத் 'தூய்மை' என்று 2020இல் மாற்றினார்கள். பெயர் மாறியது நல்லது. விரலில் சுற்றிய அழுக்குத் துணி மாறவில்லை.

மேலூருக்கு அருகே மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் உயிர் துறந்தவர்களையும் ஆண்டுதோறும் அந்த நாளில் கூடி நினைக்கிறோம். மறந்துவிடுங்கள் என்று சொன்னவர்களுக்கு நடுவில் நினைவில் வைத்திருந்தோம், அதனால் அது வரலாறானது. நேரு நகர்த் தொட்டியில் போன மூவருக்கும், பெயர் தெரியாமல் விரல் இழந்தவர்களுக்கும் நாம் பட்டிருக்கும் கடனும் அதுதான். அரிவாளால் விழுந்த காயத்தை எண்ணிய நாம், வேலையால் விழும் காயத்தையும் எண்ணத் தொடங்குவோம்.