தானுந்தின் திசைமாற்றி மற்றும் பிரேக் பழுதறிதல்

தானுந்தின் திசைமாற்றி மற்றும் பிரேக் பழுதறிதல் என்பது, ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் துணைவிசை அளிக்கும் இரு அமைப்புகளில் தோன்றும் கோளாறுகளை அவற்றின் அறிகுறிகளைக் கொண்டு இனங்காணும் முறை ஆகும். பேச்சு வழக்கில் இவ்வமைப்புகள் பவர் ஸ்டீயரிங், பவர் பிரேக் எனப்படுகின்றன. இவற்றின் பழுதுகள் பெரும்பாலும் திடீரெனத் தோன்றுவதில்லை. மிதியின் தன்மையிலும் சக்கரத்தின் கனத்திலும் சிறு மாற்றங்களாகவே தொடங்குகின்றன.

துணைவிசை எங்கிருந்து வருகிறது

பிரேக் மிதிக்கும் முதன்மை உருளைக்கும் இடையே வெற்றிட பூஸ்டர் அமைந்துள்ளது. இது நடுவே இரப்பர் சவ்வு கொண்ட வட்டமான உலோகப் பேழை ஆகும். பெட்ரோல் பொறி காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் தாழ்ந்த அழுத்தம் சவ்வின் இருபுறமும் நிலவுகிறது. மிதியை அழுத்தியதும் ஒருபுறம் வெளிக்காற்று நுழைய, அழுத்த வேறுபாடு சவ்வைத் தள்ளுகிறது. டீசல் பொறிகளில் இவ்வாறு போதிய வெற்றிடம் உண்டாவதில்லை. எனவே தனி வெற்றிட எக்கி பொருத்தப்படுகிறது. இதனைக் கவனியாமல், டீசல் வண்டியின் மிதி இறுகியதும் நல்ல பூஸ்டரையே கழற்றி மாற்றிவிடுவதும் உண்டு.

திசைமாற்றியின் துணைவிசை இரு வகைப்படும். நீர்ம வகையில் பொறியால் சுழலும் எக்கி எண்ணெயை அழுத்துகிறது. இது 1951 ஆம் ஆண்டு கிறைஸ்லர் இம்பீரியல் தானுந்தில் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. மின் வகையில் ஒரு மின்னோடி அவ்வேலையைச் செய்கிறது. 1988 இல் சுசூக்கி செர்வோ தானுந்தில் அறிமுகமான இவ்வகையே இன்றைய சிறு தானுந்துகளில் மிகுதி.

இரண்டும் ஒருங்கே இழக்கப்படுதல்

ஓடும்போது பொறி அணைந்தால் இரு துணைவிசைகளும் ஒருங்கே குன்றக்கூடும். சக்கரங்களுடனான இணைப்பு அறுவதில்லை. ஆனால் தேவைப்படும் விசை பன்மடங்காகிறது. பூஸ்டரில் தேங்கிய வெற்றிடம் இரண்டு அல்லது மூன்று அழுத்தங்களுக்கே போதும். எனவே மிதியை விட்டுவிட்டு அழுத்தாமல், ஒரே அழுத்தமாக இறுதிவரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

2014 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயன் முதலிய ஏறத்தாழ 26 இலட்சம் தானுந்துகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் சாவி நிலைமாற்றி போதிய இறுக்கம் அற்றிருந்தது. கனத்த சாவிக்கொத்தோ சாலைக் குலுக்கலோ சாவியை ஓட்டநிலையிலிருந்து நழுவச் செய்தது. பொறி அணைந்தது, துணைவிசைகள் குன்றின, காற்றுப்பைகளும் விரியவில்லை. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை இக்குறைபாட்டுடன் தொடர்புடையவையாக ஏற்றது. திசைமாற்றியும் பிரேக்கும் ஒரே நொடியில் கனத்துவிட்டதாக ஒருவர் கூறினால், அவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு முன் பொறி ஏன் அணைந்தது என்று தேடுவதே முறை.

பிரேக் மிதி தரும் அறிகுறிகள்

மிதி கல்போல் இறுகியிருந்தால் துணைவிசை கிட்டவில்லை என்பது பொருள். இதற்கு எளிய சோதனை உண்டு. பொறியை அணைத்து, தேங்கிய வெற்றிடம் தீரும்வரை மிதியைப் பலமுறை அழுத்த வேண்டும். பின் மிதியை அழுத்திப் பிடித்தவாறே பொறியை இயக்கினால் மிதி சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிடில் வெற்றிடக் குழாய், ஒருவழி அடைப்பிதழ், பூஸ்டர் என்ற வரிசையில் சோதிக்கலாம். மிதிக்கும்போது சீறும் ஒலி கேட்பது சவ்வு கிழிந்திருப்பதைக் காட்டலாம்.

மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாய்களில் காற்று புகுந்திருக்கிறது. காற்று அமுங்கும், நீர்மம் அமுங்காது. அழுத்திப் பிடித்த மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குவது இதனினும் ஆபத்தானது. வெளியில் கசிவு தென்படாமலும் நீர்மட்டம் குறையாமலும் இவ்வாறு நிகழ்ந்தால், முதன்மை உருளையின் உள்ளே உள்ள இரப்பர் கிண்ணம் தேய்ந்து நீர்மம் பின்னோக்கி நழுவுகிறது எனலாம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் வண்டி ஒருபுறம் இழுத்தால் பிரேக்கில் பழுது. எப்போதும் இழுத்தால் டயரின் காற்றழுத்தத்தையோ சக்கர நேரமைவையோ முதலில் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சூடேறி இறுகியிருப்பின், அதன் காற்றுநீக்குத் திருகை வண்டி நிற்கும் நிலையில் சற்றுத் தளர்த்திப் பார்ப்பர். சக்கரம் உடனே விடுபட்டால் நீர்மம் சிறைப்பட்டிருந்தது. பெரும்பாலும் இரப்பர் குழாய் உட்புறம் வீங்கி அடைத்திருக்கும். விடுபடாவிடில் காலிப்பரின் ஆடுதண்டோ வழுக்கு ஊசியோ துருவேறி இறுகியுள்ளது.

பிரேக் நீர்மம்

கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு. ஈரமேறிய நிலைக்கான வரையறை 140 பாகை மட்டுமே. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 பாகைகள். உதகமண்டலத்திலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் இறங்கும் கல்லட்டி மலைப்பாதை போன்ற இடங்களில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பழைய நீர்மம் கொதித்து ஆவியாகலாம். ஆவி அமுங்குவதால் மிதி வெறுமையாகத் தரையைத் தொடும். வண்டி ஆறியபின் பிரேக் வழக்கம்போல் வேலை செய்வதால் பட்டறையில் பழுது தென்படுவதில்லை. தாழ்ந்த கியரில் இறங்குவதே தற்காப்பு.

பேடுகள் தேயத் தேய நீர்மட்டம் சிறிது இறங்குவது இயல்பே. தேய்மானத்தைப் பாராமல் மேலும் ஊற்றி நிரப்புவது அந்த அறிகுறியை மறைத்துவிடும்.

இதனினும் பெரிய கேடு, பிரேக் கலத்தில் திசைமாற்றி எண்ணெயை ஊற்றிவிடுவது. கனிம எண்ணெய் பட்டதும் பிரேக்கின் இரப்பர் உறுப்புகள் வீங்கிக் கெடும். கழுவிவிட்டால் போதும் என்று விடலாகாது; அவ்வுறுப்புகளை மாற்றியாக வேண்டும். வண்டியின் அடியில் ஒழுகியிருப்பது எது என ஐயம் எழுந்தால் சில துளிகளை நீரில் விடலாம். கிளைக்கால் பிரேக் நீர்மம் நீரில் கரையும், எண்ணெய் மிதக்கும்.

திசைமாற்றியின் பழுதுகள்

திசைமாற்றி கனமானால் முதலில் முன்சக்கரங்களின் காற்றைப் பார்க்க வேண்டும். எளிய இச்சோதனையே பெரிதும் புறக்கணிக்கப்படுகிறது. நீர்ம வகையில், சக்கரத்தை முழுதும் திருப்பும்போது கிறீச்சிடுவது தளர்ந்த பெல்ட். திருப்பும்போது முனகல் எழுந்து எண்ணெயில் நுரையும் காணப்பட்டால் மட்டம் குறைந்து எக்கி காற்றை இழுக்கிறது. நிற்கும்போது கனத்து, பொறியின் வேகம் கூடியதும் இலேசாவது பெல்ட் வழுக்குவதையோ எக்கி தேய்ந்ததையோ காட்டும். ஒரு திசையில் மட்டும் கனமாக இருந்தால் எக்கியைக் குறை கூற இயலாது. கட்டுப்பாட்டு அடைப்பிதழைச் சோதிக்க வேண்டும்.

மின் வகையில் எண்ணெய் இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மின்கலத்தின் மின்னழுத்தம், உருகி, இணைப்பிகள் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே பழுதுக் குறியீட்டைப் படித்து முறுக்குவிசை உணரியையோ மின்னோடியையோ ஐயுறலாம். நலிந்த மின்கலமே சில வேளைகளில் திசைமாற்றிப் பழுதாகத் தோற்றமளிக்கிறது.