கூடாரத்தில் படுக்க எந்த மேட்?

நம் சான்பாடாவிலிருந்து சனிக்கிழமை விடியற்காலையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பும் பிள்ளைகள் இப்போது அதிகம். லோனாவாலா தாண்டி பவனா அணை, இகத்புரி வழியாக பண்டார்தரா, இல்லையென்றால் மால்ஷேஜ் காட். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆனதும் லடாக். ஹெல்மெட் இருக்கிறதா, ஸ்வெட்டர் எடுத்தாயா என்றெல்லாம் விசாரிக்கும் நாம், எதன் மேல் படுக்கப்போகிறாய் என்று கேட்பதில்லை. இரவெல்லாம் குளிரில் புரண்டவன் மறுநாள் காட் ரோட்டில் கண் சொக்க வண்டி ஓட்டுவான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கூடாரத்துக்குள் நம்மை அதிகம் வாட்டும் குளிர் தரையிலிருந்து வருகிறது. கம்பளிக்கோ ஸ்லீப்பிங் பேக்குக்கோ சொந்தமாகச் சூடு கிடையாது. அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. மேல்பக்கம் அது உப்பி நிற்கும். முதுகுக்கு அடியில் நம் எடையால் நசுங்கி, காற்று வெளியேறிவிடும். பிறகு அது வெறும் துணிதான். ரயில் ஏ.சி. பெட்டியின் சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு வைக்கும்போது அதை அமுக்கித் திணிக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தால் அதை ஸ்லீப்பிங் பேக்கில் போடாமல் மேட்டில் போடுங்கள் என்பேன்.

நம் ஊர்க் கோரைப்பாய் இதற்கு உதவாதா என்று கேட்கலாம். பத்தமடைப் பாய் எவ்வளவு நேர்த்தியானாலும் திருநெல்வேலி வெயிலுக்கு ஏற்றது. மெல்லியது, உடம்பைக் குளுகுளுவென்று வைக்கும். இங்கே நமக்கு வேண்டியது நேர் எதிரானது. பவானி ஜமக்காளத்தை மேட்டின் மேல் விரிப்பாகப் போடலாம், வியர்வை ஒட்டாது. தனியாகப் போதாது.

நல்ல மேட்டுகளின் அட்டையில் 'ஆர் வேல்யூ' என்று ஓர் எண் இருக்கும். வெப்பம் கீழே போவதை மேட் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி அளந்தது. 2018-ல் அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு 'எஃப் 3340' என்ற பொதுச் சோதனை முறையை வெளியிட்ட பிறகுதான் இரண்டு கம்பெனி மேட்டுகளை நேர்மையாக ஒப்பிட முடிந்தது.

ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். தூங்கும் ஆளின் உடம்பு உண்டாக்கும் வெப்பம் சுமார் 75 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. தோல் 33 டிகிரி, தரை 3 டிகிரி, மேட்டைத் தொடும் பரப்பு 0.4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர் 1.5 உள்ள மேட்டில் தரைக்குப் போவது ஏறக்குறைய 45 வாட். சம்பாதிப்பதில் பாதிக்கு மேல் வாடகைக்கே போகிறது! ஆர் 4 என்றால் 17 வாட்தான். உடுத்தியிருக்கும் துணி இதை இன்னும் கொஞ்சம் குறைக்கும்.

ஆர் எண்களைக் கூட்டலாம் என்பது இன்னொரு வசதி. ஆர் 2 மேட்டின் மேல் ஆர் 2 மேட் போட்டால் 4.

கடையில் மூன்று வகை இருக்கும். முதலாவது, சுருட்டி வைக்கும் ஃபோம் மேட். உள்ளே மூடிய நுண்ணறைகள், தண்ணீர் குடிக்காது, முள் குத்தினாலும் கெடாது. 10 மில்லிமீட்டர் கனம் ஏறக்குறைய ஆர் 1.5 தரும். பண்டார்தராவுக்கு பெரும்பாலான மாதங்களில் இதுவும் ஜமக்காளமும் போதும். குளிர் அலை வீசும் டிசம்பர், ஜனவரியில் இரண்டு ஃபோம் மேட் வேண்டும். வீட்டில் கிடக்கும் யோகா மேட் இதற்குப் பதிலாகாது: கனமோ ஐந்தாறு மில்லிமீட்டர், எடையோ அதிகம். வெள்ளித்தாள் ஒட்டிய பிக்னிக் விரிப்பையும் நம்ப வேண்டாம். பளபளப்பு வெப்பத்தைத் திருப்பி அனுப்ப அதன் எதிரே காற்று இடைவெளி வேண்டும். முதுகு அழுத்தும் இடத்தில் ஏது இடைவெளி?

இரண்டாவது, ஊதும் காற்று மேட். மூன்று அங்குல உயரம், சுகமான படுக்கை. ஆனால் உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால் அது சுழன்று சுழன்று சூட்டைக் கீழே இறக்கிவிடும். ஆர் எண் போடாத காற்று மேட்டை வாங்காதீர்கள்.

மூன்றாவது, வால்வைத் திறந்தால் தானே உப்பும் மேட். உள்ளே ஸ்பாஞ்சு இருப்பதால் காற்று சுழலாது. 1970களின் தொடக்கத்தில், போயிங் நிறுவனத்தில் வேலை இழந்த சியாட்டில் இஞ்சினீயர்கள் உருவாக்கியது இது. சுருட்டினால் கொஞ்சம் பருமன், நடந்து மலையேறுபவர்களுக்குச் சுமை. பைக்கில் போகிறவர்களுக்கு அது பொருட்டல்ல. மணாலி-லே சாலையில் சர்ச்சூ 4,000 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே ஆர் 4 அல்லது அதற்கு மேற்பட்ட இந்த வகையையும், அதற்கடியில் ஒரு ஃபோம் மேட்டையும் சொல்வேன். ஃபோம் முள்ளைத் தடுக்கும், காற்று மேட் ஓட்டையானாலும் வெறுந்தரையில் படுக்க நேராது.

சுகம் என்பது வேறு கணக்கு. அது கனத்தைப் பொறுத்தது. மது தண்டவதே 1977 முதல் 1979 வரை ரயில்வே மந்திரியாக இருந்தபோது இரண்டாம் வகுப்பு மரப் பெர்த்துகளில் இரண்டு அங்குல ஃபோம் வந்தது. அதற்கு முன் ஹோல்டாலை விரித்து மெட்ராஸ் போனவர்களுக்கு அந்த இரண்டு அங்குலத்தின் அருமை தெரியும். சஹ்யாத்ரியின் கருங்கல் தரை மரப் பெர்த்தைவிடக் கடினம்.

பைக்கில் கட்டும்போது சுருளைப் பின்பக்கம் குறுக்காக வையுங்கள், ஹாண்டில் அகலத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. சைலன்சரிலிருந்து தள்ளியே இருக்கட்டும், ஃபோம் உருகிவிடும். மழைக்கு தடித்த பாலிதீன் உறை போடுங்கள். காற்று மேட்டை ஊதியபடி வெயிலில் விடாதீர்கள், உள்ளே காற்று விரிந்து ஒட்டுத் தையல் பிரியும். மாலையில் ஊதியது இரவுக் குளிரில் சுருங்கித் தொளதொளக்கும், படுக்கும் முன் இன்னொரு தரம் ஊத வேண்டும். ஒட்டுப்போடும் பொருள் மேட்டுடனேயே வரும், அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

வாங்கும்போது கடையிலேயே விரித்து ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு எலும்பு தரையைத் தொட்டால் அது வேண்டாம். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.