கழுத்து உளைவுக்கு எங்கே போவது?

தொழுது முடித்து ஸலாம் கொடுக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் உளைகிறதா? தையல் மெஷினிலும் அடுப்படியிலும் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் நம் சகோதரிகள் பலருக்கும் வரும் தொல்லைதான் இது. மாவடிப்பள்ளியில் இதைச் சொன்னால், "எண்ணெய் போட்டு உருவுங்க" என்பார் ஒருவர். "சுளுக்கு எடுக்கிறவரிட்டப் போங்க" என்பார் இன்னொருவர். வெளிநாட்டிலுள்ள மகனோ கைரோபிராக்டிக் என்பார். எதைத் தெரிவு செய்வது?

1895இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பாமர் தொடங்கிய கைரோபிராக்டிக், முள்ளந்தண்டு மூட்டுக்களைக் கையால் அழுத்தி, திருப்பிச் செய்யும் சிகிச்சை. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் கழுத்து நோவுள்ள 272 பேர் மூன்று பிரிவாகச் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு இச்சிகிச்சை, ஒரு பிரிவுக்கு மருந்து. மூன்றாம் பிரிவுக்கு ஒரு மணித்தியாலப்படி இரண்டு தடவை பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யவிட்டார்கள். 12 வாரங்களின் பின் கைச்சிகிச்சையும் வீட்டுப் பயிற்சியும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. மருந்து பின்தங்கியது.

ஆகவே, பெரும் செலவு தேவையில்லை. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியரிடம் காட்டி, இயன்மருத்துவம் பற்றிக் கேளுங்கள். கட்டணமில்லை. கழுத்தையும் தோளையும் மெதுவாக அசைக்கும் பயிற்சியைக் கற்று, வீட்டில் நாளுக்குப் பல தடவை செய்யுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். கழுத்தை வெடுக்கெனத் திருகினால், அரிதாக மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வரலாம். விழுந்தபின் வந்த நோவு, காய்ச்சல், கை விறைப்பு, நடையில் தள்ளாட்டம் இருந்தால் யாரையும் கழுத்தில் கைவைக்க விடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.