கடன் வழக்கில் ஜெயித்தாயிற்று, செலவு யாருடையது?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். கொடுத்த கடனைக் கேட்டுக் கோர்ட் படி ஏறியவர்களுக்கு இந்தப் பழமொழியின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

புரோநோட்டின் பேரில் 2 லட்சம் ரூபாய் கொடுத்து ஏமாந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அசலை மட்டும் கேட்டு வழக்குப் போட்டாலும், தமிழ்நாட்டில் 3 சதவீதக் கணக்கில் 6,000 ரூபாய் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். 2017 வரை இது 7.5 சதவீதமாக இருந்தது. வழக்குப் போடுவதற்கு முன்பே வக்கீல் நோட்டீஸ் செலவு வந்துவிடும். பிறகு வக்கீல் ஃபீஸ், சம்மன் கட்டணம், சாட்சி பேட்டா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவு, அன்றைய கூலி இழப்பு என்று நீளும்.

தீர்ப்பின் கடைசியில் 'செலவுத்தொகையுடன்' என்ற சொல் இருந்தால், இவற்றில் ஒரு பகுதி தோற்றவரிடமிருந்து கிடைக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி, செலவு குறித்து முடிவெடுக்கும் அதிகாரம் நீதிபதியுடையது. ஜெயித்தவருக்குச் செலவு கிடைப்பதே பொது விதி. மறுத்தால் அதற்கான காரணத்தை நீதிபதி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

எவையெல்லாம் சேரும்?

கோர்ட் கட்டணம், வக்காலத்து முத்திரை, சம்மன் சார்புச் செலவு, சாட்சிகளின் படி ஆகியவை டிகிரியின் செலவுப் பட்டியலில் இடம்பெறும். வழக்குக்கு முந்தைய நோட்டீஸ், தட்டச்சு, ஆவணங்களைப் பார்வையிட்ட கட்டணம் ஆகியவற்றையும் சட்டத்தின் 20-ஏ கட்டளை அனுமதிக்கிறது.

சிக்கல் வக்கீல் ஃபீஸில்தான். கட்சிக்காரர் கொடுத்தது எவ்வளவாக இருந்தாலும், உயர் நீதிமன்ற விதிகள் வகுத்த அளவே பட்டியலில் ஏறும். இரண்டுக்கும் இடையிலுள்ள தொகை ஜெயித்தவரின் தலையில்தான் விழுகிறது.

இது நியாயமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-ல் வந்த தீர்ப்பு, உண்மையில் ஆன நியாயமான செலவையே வழங்க வேண்டும் என்றது; ஜெயித்தவர் செலவிட்ட நேரத்தையும் பயணம், தங்கும் செலவையும் கணக்கில் சேர்க்கச் சொன்னது. ஆனால் 2011-ல், டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் விதித்த 45,28,000 ரூபாய் செலவுத்தொகையை அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உண்மைச் செலவு கிடைக்க வேண்டுமென்றால் விதிகளைத் திருத்துங்கள், விதியை மீறி வழங்க முடியாது என்பதே அதன் சாரம்.

நியாயம் என்பது கடன் வாங்கியவருக்கும் உரியது. மேற்சொன்ன வழக்கில் 80,000 ரூபாய் ஏற்கெனவே திருப்பித் தரப்பட்டது நிரூபணமானால், டிகிரி 1,20,000 ரூபாய்க்குத்தான். செலவையும் நீதிபதி அதே விகிதத்தில் குறைக்கலாம். 20,000 ரூபாய் செலவில் 12,000 மட்டுமே கிடைக்கும். வணிக நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளில் 2015-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: இரு தரப்பின் நடத்தை, நியாயமான சமரசத்தை மறுத்தார்களா என்பது வரை நீதிபதி பார்க்க வேண்டும்.

கையெழுத்தே என்னுடையதல்ல என்று தெரிந்தே பொய் சொல்லி வழக்கை இழுத்தவருக்கு என்ன தண்டனை? சாதாரண வழக்குகளில் 35-ஏ பிரிவின்படி கூடுதல் இழப்பீடு அதிகபட்சம் 3,000 ரூபாய். 1976-ல் நிர்ணயித்த தொகை இது. வணிக வழக்குகளுக்கு இந்த உச்சவரம்பை நீக்கிவிட்டார்கள். கைமாற்றுக் கொடுத்த சாமானியருக்கு மட்டும் அது அப்படியே நிற்கிறது.

என்ன செய்யலாம்?

நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்தே ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் ஃபீஸ் சான்றிதழும் செலவுப் பட்டியலும் உரிய நேரத்தில் தாக்கலாகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

உரியவருக்கு உரிய பணம் குறையாமல் போய்ச் சேரும்போதுதான் ஒரு கடன் வழக்கு முடிகிறது. 1976-ன் 3,000 ரூபாயை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அந்த வரம்பையும் ஃபீஸ் விதிகளையும் இன்றைய விலைவாசிக்கு ஏற்பத் திருத்துவது நாடாளுமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தீர்க்க வேண்டிய பாக்கி.