காலையில் 97; ராத்திரியில்?

ஈப்போ வாசகர் ஒருவர் எழுதுகிறார்: “கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைத் தினமும் காலையில் விரலில் மாட்டிப் பார்க்கிறேன். ரத்த ஆக்சிஜன் 97, 98 சதவீதம் காட்டுகிறது. பிறகு எதற்கு ராத்திரி முழுக்க அந்த சிபேப் முகமூடி? மூக்கில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம்.”

விடிந்ததும் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி திருடன் வரவில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைப்பதுதான் இவருடைய நோய். முகமூடி வழியே காற்றை அழுத்தி அனுப்பி அந்தப் பாதையைத் திறந்து வைப்பதே சிபேப் கருவியின் வேலை. விழித்திருக்கும்போது தொண்டை அடைபடுவதில்லை. காலையில் பார்க்கும் 97 விழித்திருப்பவரின் கணக்கு.

ஆனாலும் அந்தச் சின்னக் கருவியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ளே இரண்டு விளக்குகள்: 660 நானோமீட்டரில் சிவப்பு, 940-இல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆக்சிஜனை இறக்கிய ரத்தம் அதை விழுங்கும். சிக்கல் என்னவென்றால், தோல், நகம், எலும்பு, சிரை ரத்தம் எல்லாமே ஒளியைத் தின்கின்றன. தமனி ரத்தத்தின் பங்கை மட்டும் எப்படிப் பிரிப்பது?

பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில் படுத்து எழுந்தவர்களுக்கு விடை தெரியும். அங்கே பலகைச் சுவர் கூரையைத் தொடாது. தகரத்தில் மழை ஒரே சீராகக் கொட்டினால் கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிடும். அடுத்த வீட்டுக் குறட்டை ஏறி இறங்குவதால் விடியும்வரை கேட்கும். ஆக்சிமீட்டருக்குத் தோலும் எலும்பும் மழை; இதயம் துடிக்கும்போதெல்லாம் புடைத்து அடங்கும் தமனிதான் குறட்டை. மாறாததைத் தள்ளிவிட்டு, துடிக்கும் அந்த நூற்றில் ஒன்றிரண்டு பங்கை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. பிறகு சிவப்புக் காதில் எவ்வளவு, அகச்சிவப்புக் காதில் எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சதவீதம் சொல்கிறது. இதற்குமேல் இழுத்தால் லயத்துக் கூரையே பிய்ந்துவிடும்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி வேறொரு அளவீட்டுக்குத் தொந்தரவாக இருந்த நாடித்துடிப்பை நீக்கப் பார்த்தார், அந்தத் தொந்தரவே விஷயம் என்று கண்டு 1974-இல் காப்புரிமை கோரினார். சிட்னி மருத்துவர் கோலின் சல்லிவன் சிபேப் சிகிச்சையை 1981-இல் வெளியிட்டார். போதும்.

இனி, பெட்டியில் அச்சடிக்காத சங்கதிகள். தோல்நிறம் மாறாதது, அதனால் அது கணக்கில் சேரக்கூடாது. ஆனால் 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆக்சிமீட்டர் கவனிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. நம் விரல்களும் வெளிறியவை அல்ல. இன்னொன்று: நுரையீரலின் செய்தி விரலுக்கு வந்துசேர அரை நிமிடம் வரை ஆகலாம். எண் இறங்கும்போது ஆள் மறுபடி மூச்சுவிடத் தொடங்கியிருப்பார். ஆக்சிஜன் இறங்குமுன்பே விழிப்புத் தட்டினால் எண்ணில் தடயமே இருக்காது. தூக்கம் மட்டும் கெட்டிருக்கும். ஆக்சிஜன் அளக்கும் கைக்கடிகாரமே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்னும் விளம்பரங்களை இதையெல்லாம் மனதில் வைத்துப் படியுங்கள்.

தழும்புக்கு வருவோம். சிபேப் அழுத்தம் ஒன்றும் புயலல்ல. 4 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர். கிளாஸ் தண்ணீரில் உறிஞ்சுகுழாயைப் பத்து சென்டிமீட்டர் அமிழ்த்திக் குமிழி விட எவ்வளவு ஊத வேண்டுமோ, பத்து சென்டிமீட்டர் அழுத்தம் அவ்வளவுதான். முகமூடியின் விளிம்பில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கோன் மடிப்பு. அந்த மெல்லிய மடிப்பு, உள்ளே வரும் காற்றாலேயே உப்பி முகத்தில் ஒட்டும்படி செய்யப்பட்டது. காற்று கசிகிறதே என்று வாரை இறுக்கினால் மடிப்பு நசுங்கிக் கசிவு கூடும், மூக்கும் புண்ணாகும். படுத்து, கருவியை ஓடவிட்டு, தூங்கும் நிலையிலேயே வாரைச் சரிசெய்யுங்கள்.

எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது, எவ்வளவு கசிந்தது என்று பெரும்பாலான சிபேப் கருவிகள் இரவுதோறும் பதிந்து வைக்கின்றன. மருத்துவரிடம் அந்தப் பதிவைக் கொண்டுபோங்கள், காலை நேரத்து 97-ஐ அல்ல. முகமூடியைக் கழற்றி வீசுமுன், வாரை ஒருமுறை தளர்த்திப் பாருங்கள்.