மூன்று வயதுக்கு நூலகத்தில் என்ன வேலை?

வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் அதில் சேர்ந்திருக்கும். ஆரணி பேரூராட்சியில் ஓட்டு வீடு வைத்திருப்பவருக்கும் அது உண்டு. (பட்டுச்சேலை ஆரணி அல்ல, பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவே, ஆரணியாற்றங்கரையில் இருக்கும் நம் ஆரணி.) 1948-இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

இப்படி வரி கட்டி நடக்கும் கிளை நூலகத்துக்குள் போனால், காலையில் நாளிதழ் புரட்டும் தாத்தாக்கள் இருப்பார்கள். மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். மூன்று வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தால் எல்லாத் தலையும் நிமிரும். ‘படிக்கவே தெரியாத குழந்தைக்கு இங்கே என்ன வேலை?’

கதை கேட்கிற வேலைதான். கதை நேரம் என்பது வகுப்பு அல்ல. பாய் விரித்து, படப் புத்தகத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிப் பிடித்து ஒருவர் கதை சொல்வார். நடுவில் ஒரு பாட்டு, கொஞ்சம் கைதட்டல். அரை மணிக்குள் முடிந்துவிடும். அமெரிக்க நூலகங்களில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது நடக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1992-இல் கைக்குழந்தைகளுக்கே புத்தகப் பை கொடுக்க ஆரம்பித்தார்கள். சிங்கப்பூர் நூலகங்களில் தமிழிலேயே கதை சொல்கிறார்கள். நமக்குக் கிட்டத்தில் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு. ஆனால் ஆரணியிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை தூங்கிவிடும்.

வாசிக்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1988-இல் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு பயிற்சி கொடுத்தது. கதையை நேராக வாசித்து முடிக்காமல், “நாய் எங்கே போகுது? அப்புறம் என்ன ஆகும்?” என்று கேட்டுக் கேட்டு வாசிக்கச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் மற்றவர்களை முந்தினார்கள். நம் ஊர் ஆயாக்கள் “உம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்” என்பார்களே, அதற்குப் பக்கத்து வீடுதான் இது.

முதல் நாள் குழந்தை உட்காராது. பாதிக் கதையில் எழுந்து ஓடும், அலமாரியைப் பிடித்து இழுக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுந்தால் வெளியே தூக்கிப் போய் வேடிக்கை காட்டி, மறுபடி கொண்டுவந்து உட்கார வைக்கலாம். ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் சொல்லத்தான் வேண்டும். செல்போன் மட்டும் பைக்குள்ளேயே இருக்கட்டும். அம்மா கையில் அது இருந்தால் குழந்தையின் கண் கதையில் நிற்காது.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு திறந்திருக்கும் என்பதால் கம்பெனி வேலைக்குப் போகிற அப்பாக்களும் தப்பிக்க முடியாது. உங்கள் நூலகத்தில் கதை நேரம் இல்லையென்றால் நூலகரிடமும் வாசகர் வட்டத்திடமும் கேளுங்கள். ஒரு பாய், பத்துப் படப் புத்தகம், கூச்சமில்லாத ஒரு ஆள் போதும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நம்பி வந்த குடும்பங்களில் இந்தியும் வங்காளமும் கேட்கும்; செங்கல் சூளைகளில் ஒடியா. தமிழ்க் கதை இந்தக் குழந்தைகளுக்கு எப்படிப் புரியும்? படம் பாதி சொல்லிவிடும். மீதிக்கு, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல இந்திய மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் ஒருவர் வாசிக்க, அதே பக்கத்தைத் தெலுங்கில் இன்னொரு அம்மா வாசிக்கலாம்.

சூளைக் குழந்தைகள் நூலகம்வரை வரப்போவதில்லை; புத்தகம்தான் அவர்களிடம் போக வேண்டும். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். தொடங்கி வைத்தவர் அதே ரங்கநாதன். இப்போது வண்டிகூட வேண்டாம். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு கட்டைப் பை வைக்க இடம் இருக்கிறது.