டயல் டோன் எங்கிருந்து வருகிறது?

வீட்டு லேண்ட்லைனை வைத்திருப்பதா, திருப்பிக் கொடுத்துவிடுவதா என்ற பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் பில் வரும் அன்றுதான் கிளம்புகிறது. வீட்டில் நாலு பேர், ஐந்து செல்போன். லேண்ட்லைனில் வரும் அழைப்புகளோ பாதி ராங் நம்பர், மீதி கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள். எதற்கு இந்தத் தண்டச் செலவு என்கிறார்கள் பிள்ளைகள். இத்தனை வருஷமாக இருக்கிற நம்பர், இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார்கள் பெற்றோர். ஒரு பக்கம் கணக்கு, ஒரு பக்கம் பற்று. இரண்டையும் குறை சொல்வதற்கில்லை; ஆனால் முடிவெடுக்க இரண்டும் போதாது. அந்தக் கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது தெரிந்தால்தான் மாதாமாதம் நாம் கட்டும் பணம் எதற்காக என்பதே தெரியும்.

பழைய லேண்ட்லைன் என்பது ஓர் இணை செப்புக் கம்பி. வீட்டுச் சுவரில் கிளம்பி, தெருக்கம்பம், சாலையோரப் பெட்டி, நிலத்தடிக் கேபிள் என்று பயணப்பட்டு எக்ஸ்சேஞ்சில் போய் முடியும். சென்னையில் முதல் எக்ஸ்சேஞ்ச் 1882-ல் வந்தது. அதன் பிறகு ஆபரேட்டர் போனார், டயல் சுற்றும் கருவி வந்து போனது, எக்ஸ்சேஞ்சே கம்ப்யூட்டர்மயமானது. வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே கம்பி மட்டும் நிலைத்தது. எக்ஸ்சேஞ்சில் அறை நிறைய பேட்டரிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவை 48 வோல்ட் மின்சாரத்தை அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்கு அனுப்பும். மணி அடிக்கும்போது அதைவிடக் கூடுதல் வோல்டேஜ் வரும். அதாவது பேசுவதற்கும் மணி அடிப்பதற்கும் வேண்டிய மின்சாரம் தொலைபேசித் துறையின் செலவில் வந்துகொண்டிருந்தது. நம் வீட்டு மீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊரே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது இதனால்தான். எக்ஸ்சேஞ்சில் கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், பேட்டரி தளர்ந்தால் அங்கேயே டீசல் ஜெனரேட்டர் இருக்கும். இதில் ஒரு விலக்கு உண்டு. கார்ட்லெஸ் போனின் அடிப்பகுதி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. வீடெங்கும் நடந்துகொண்டே பேசலாம் என்று அதை மட்டும் வாங்கி வைத்தவர்கள், லேண்ட்லைனின் ஆகப் பெரிய பலத்தைத் தங்களை அறியாமலே அன்றைக்கே கைவிட்டுவிட்டார்கள்.

செல்போன் விஷயத்தில் நாம் கையிலிருக்கும் பேட்டரியை மட்டுமே கவனிக்கிறோம். அழைப்பு போய்ச் சேர டவருக்கும் மின்சாரம் வேண்டும். டவரடியில் உள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் ஜெனரேட்டர் ஓட வேண்டும். டீசல் கொண்டுபோகும் சாலை தண்ணீரில் கிடந்தால் அந்த டவர் ஓய்ந்துவிடும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டு, செல்போன் சிக்னலும் போய், வெளியூரில் இருந்தவர்கள் பெற்றோரின் கதி தெரியாமல் தவித்தார்கள். அப்போது பல இடங்களில் பேச முடிந்தது பி.எஸ்.என்.எல். லேண்ட்லைனில்தான். எல்லா இடத்திலும் என்று சொல்லிவிட முடியாது. சாலையோரப் பெட்டி மூழ்கிய தெருக்களில் அதுவும் செத்துத்தான் போனது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னைப் புறநகர்கள் மூழ்கியபோதும் இதே கதை திரும்ப நடந்தது. 4ஜி போய் 5ஜி வந்தும் டவரின் பலவீனம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏனென்றால் அது அலைவரிசை சம்பந்தப்பட்டதல்ல, டீசல் சம்பந்தப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். வீட்டில் இரண்டு மூன்று நிறுவனங்களின் சிம் இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று எடுக்குமே என்பார்கள். பாதி உண்மை. நம் நாட்டில் டவரைச் சொந்தமாக வைத்திருப்பது ஒருவர், அதில் வாடகைக்குக் கருவி மாட்டுவது பலர். இண்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனத்தின் ஒரே கோபுரத்தில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் சேர்ந்து இருப்பது சகஜம். கீழே இருக்கும் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருவருக்கும் பொது. ஆகவே பையில் இருக்கும் இரண்டு சிம்மும் ஒரே டீசல் கேனை நம்பிக்கொண்டிருக்கலாம். பேரிடர் சமயத்தில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் டவரில் பேச அனுமதிக்கும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை நடைமுறைப்படுத்துகிறது. நல்ல விஷயம், ஆனால் அதற்கும் உயிரோடு ஒரு டவராவது பக்கத்தில் இருக்க வேண்டும். எச்சரிக்கைச் செய்தி, வரைபடம், இருக்கும் இடத்தை அனுப்புவது, மாடியில் நின்று படகை அழைப்பது இவையெல்லாம் செல்போனால்தான் முடியும் என்பதை மறுக்கவில்லை. செல்போன் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதுமில்லை. ஓ.டி.பி. இல்லாமல் வங்கியும் இல்லை, ஆதாரும் இல்லை. செல்போனுக்குத் துணையாக, அதன் கோளாறில் பங்கு கொள்ளாத இன்னொரு வழி வீட்டுக்கு வேண்டுமா என்பதுதான் விஷயம்.

இதுவரை படித்தவர் ‘அப்படியானால் லேண்ட்லைனை விடக் கூடாது’ என்று முடிவு கட்டியிருந்தால், அது அவசரம். மேலே சொன்ன நற்குணமெல்லாம் செப்புக் கம்பிக்கு உரியது. அந்தக் கம்பிக்கு வயதாகிவிட்டது. மழைநீர் வடிகால், மின்கேபிள், மெட்ரோ என்று ஒவ்வொரு முறை தெருவைத் தோண்டும்போதும் கேபிள் அறுபடுகிறது. ஒட்டுப்போட்ட இடத்தில் ஈரம் இறங்கி இரைச்சல் கேட்கிறது. சரிசெய்ய ஆள் வேண்டும். 2020 ஜனவரி கடைசியில் பி.எஸ்.என்.எல். ஊழியர்களில் ஏறத்தாழ 78 ஆயிரம் பேர் விருப்ப ஓய்வில் ஒரே வீச்சில் வெளியேறினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர். எந்தப் பெட்டியில் எந்த ஜோடி எந்த வீட்டுக்குப் போகிறது என்பதை மனப்பாடமாக வைத்திருந்த லைன்மேன்கள் அதில் நிறைய. அந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் முழுசாக இல்லை. மழை பெய்தால் செத்து, வெயில் காய்ந்தால் பிழைக்கும் இணைப்புக்கு வாடகை கட்டுவது காப்பீடு ஆகாது. ஆபத்து வரும் நாளில்தான் அது முதலில் கைவிடும்.

இந்தியாவில் லேண்ட்லைன் இணைப்புகள் 2000-களின் நடுவில் ஐந்து கோடியைத் தொட்டன. பதினைந்து ஆண்டில் அது இரண்டு கோடி அளவுக்குச் சரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகு மறுபடி ஏறத் தொடங்கியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் பி.எஸ்.என்.எல்-ஐ முந்திக்கொண்டு நாட்டின் மிகப் பெரிய லேண்ட்லைன் நிறுவனமாக ஜியோ ஆனது. மக்களுக்குப் பழைய போன் மீது திடீர்க் காதல் வந்துவிடவில்லை. இன்டர்நெட்டுக்காக வீட்டுக்கு ஃபைபர் இழுக்கிறார்கள், அதோடு ஒரு தொலைபேசி எண்ணும் இலவச இணைப்பாக வருகிறது. பி.எஸ்.என்.எல்-லும் பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறச் சொல்கிறது. பெயர் லேண்ட்லைன்தான், ஆனால் உள்ளே இருப்பது வேறு பொருள். கண்ணாடி இழை வெளிச்சத்தைத்தான் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் வரும் வழியே இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் மோடத்துக்கு வீட்டு பிளக்கிலிருந்துதான் கரண்ட் வர வேண்டும். அது போன மறுநொடி இன்டர்நெட் போகும், வைஃபை போகும், போனும் போகும். சிக்னல் சரியில்லாத வீடுகளில் 2019 கடைசியிலிருந்து நாம் பழகிக்கொண்ட வைஃபை அழைப்பும் இதே மோடத்தைத்தான் நம்பியிருக்கிறது.

பிரிட்டனில் இந்த மாற்றம் நமக்கு முன்பே ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பழைய தொலைபேசி வலையை 2025-க்குள் மூடுவதாக இருந்தார்கள், இப்போது 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். தடுக்கியது தொழில்நுட்பத்தில் அல்ல, முதியவர்களிடம். அங்கே சுமார் 18 லட்சம் பேர் கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே விழுந்தால் அழுத்தினால் போதும், உதவி மையத்துக்குத் தொலைபேசி வழியாக அழைப்பு போகும். புதிய இணைப்புக்கு மாற்றியபின் சில வீடுகளில் அந்தப் பொத்தான் வேலை செய்யாமல் போனது. 2023 டிசம்பரில் விபரீதங்கள் நடந்ததாக அரசே சொல்லி, நிறுவனங்கள் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைத்தன. லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்குக் கரண்ட் போனால் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு செய்ய வழி கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பின் எதிர்பார்ப்பு. ஒரு மணி நேரம்! நம் ஊர் மழைக்கு அது எந்த மூலைக்கு?

நல்லவேளையாக, நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகள் இன்வெர்ட்டருக்குப் பழகிவிட்டன. ஆனால் அப்போது மின்விசிறிக்கும் விளக்குக்கும்தான் இன்வெர்ட்டர் லைன் இழுத்தார்கள். பிறகு வந்த மோடத்தை டி.வி. பக்கத்தில் கிடைத்த பிளக்கில் செருகியிருப்பார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்டை இன்வெர்ட்டரில் சேர்த்தால் காரியம் முடிந்தது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மோடத்துக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். சில மணி நேரம் தாங்கும். பெரும்பாலான மோடங்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, மின்சாரம் அதிகம் இழுக்காது. ஃபைபர் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக வருவதாக இருந்தால் இன்னொரு அனுகூலமும் உண்டு: வழியில் இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே வீட்டு முனையில் மோடமும் எக்ஸ்சேஞ்சு முனையில் பேட்டரியும் உயிரோடு இருந்தால் அழைப்பு போகும். உள்ளூர் கேபிள்காரர் ஒரு கடைமாடியில் கருவி வைத்து, அங்கிருந்து கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்டுக் கொண்டுவரும் ஃபைபர் என்றால் கதை வேறு. அவருடைய கடையில் கரண்ட் போனால் நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பிரயோஜனமில்லை. பலத்த காற்றுக்கு மின்கம்பம் சாய்ந்தால் கேபிளும் கூடவே சாயும். இணைப்பு கொடுக்க வருகிறவரிடம் எத்தனை எம்.பி. வேகம் என்று கேட்கிற நாம், ‘உங்கள் ஆபீஸில் கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்’ என்றும் கேட்கலாம். கேட்டால் பதில் வராமல் போகலாம். அதுவும் ஒரு பதில்தான்.

மின்சாரக் கணக்கு இப்படியிருக்க, மனிதக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. செல்போன் ஆளுக்கு உரியது, லேண்ட்லைன் வீட்டுக்கு உரியது. அப்பா வெளியே போனால் அவர் செல்போனும் கூடவே போய்விடும். வீட்டில் இருக்கும் பாட்டிக்கோ, பள்ளி விட்டு வந்த குழந்தைக்கோ, வேலைக்கு வரும் அம்மாவுக்கோ அவசரத்தில் 108-ஐ அழைக்க இடம் மாறாத ஒரு கருவி தேவை. திரையைத் திறக்கத் தெரிய வேண்டாம், சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டாம். இப்போது பாட்டிமார்கள் வாட்ஸ்அப்பில் பேரனோடு முகம் பார்த்துப் பேசுகிறார்களே என்றால், உண்மைதான், பேசுகிறார்கள். பேரன் கூப்பிட்டால் பச்சையைத் தொடுவது வேறு, நெஞ்சு வலிக்கும் நேரத்தில் தானாக எண்ணைத் தேடி அழைப்பது வேறு. ‘டிஜிட்டல் கைது’ என்று போலி போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிப்பவர்களும் செல்போனைக் கையில் எடுக்க முடியாதபடி மணிக்கணக்கில் பிடித்துவைத்துத்தான் காரியம் சாதிக்கிறார்கள். பக்கத்து அறையில் வேறொரு போன் இருந்தால் மகளையோ சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐயோ அழைக்க ஒரு கதவாவது திறந்திருக்கும். மோசடிக்காரர்கள் லேண்ட்லைனுக்கும் அழைக்கிறார்கள் என்பது தெரிந்ததே. வீடியோவில் மிரட்ட அதில் வழியில்லை.

ஆக, எல்லா வீட்டுக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. வாடகை வீடு மாறிக்கொண்டிருக்கும் இளம் தம்பதிக்கு, மாடியில் மூன்று டவர்களின் சிக்னல் கிடைக்கும் வீட்டுக்கு, லேண்ட்லைன் வெறும் அலங்காரம். அவர்கள் அந்தப் பணத்தில் நல்ல பவர் பேங்க் வாங்கி, இரண்டாவது சிம்மை வேறு டவர்களில் ஓடும் நிறுவனத்திடம் எடுத்துக்கொண்டால் போதும். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடு, வெள்ளம் வந்த வரலாறு உள்ள தெரு, சிக்னல் நுழையாத தரைத்தளம் என்றால் இன்னொரு வழி அவசியம். அது எந்த வழி என்பதை ஒரு சோதனை சொல்லிவிடும். ஒரு நாள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கார்ட்லெஸ் அல்லாத போனின் ரிசீவரை எடுத்துப் பாருங்கள். செப்பு இணைப்பு, சத்தம் சுத்தமாகக் கேட்கிறது, மழைக்காலத்திலும் பழுதாவதில்லை என்றால், கம்பியோடு கூடிய சாதாரண போன் ஒன்றை மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாடகை வீண் இல்லை. மௌனமாக இருந்தால் உங்களிடம் இருப்பது ஃபைபர், அல்லது செத்த கம்பி. ஃபைபர் என்றால் மோடத்துக்கு மின்சாரம் கொடுங்கள். செத்த கம்பி என்றால் விட்டுவிடுங்கள்.

விடுவதற்கு முன்பு கவனிக்க வேண்டியவை சில உண்டு. செல்போன் எண்ணை 2011 முதல் நிறுவனம் மாறினாலும் கூடவே எடுத்துப்போகலாம்; லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. பழைய எண்ணே வேண்டும் என்றால் இருக்கும் நிறுவனத்திலேயே ஃபைபருக்கு மாறுவதுதான் வழி, தனியாருக்குப் போனால் எண் போய்விடும். எல்.ஐ.சி. பாலிசி, வங்கி லாக்கர், கேஸ் ஏஜென்சி, ஓய்வூதிய அலுவலகம் என்று அந்த எண்ணை எங்கெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று பார்த்து மாற்றிவிட்டு, வெளிநாட்டு உறவுகளுக்கும் சொல்லிவிட்டு, கடைசி பில்லைக் கட்டிய ரசீதோடு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இணைப்பு வாங்கும்போது கட்டிய டெபாசிட் பாக்கி இருந்தால், விண்ணப்பத்திலேயே வங்கிக் கணக்கு எண்ணை எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.